முத்துக்குளிப்போர் மூச்சும் இதயத்தின் எதிரொலியும்

மன்னார்த் தீவைக் கடந்து தெற்கே கரையோரமாகச் செல்வோர் வங்காலை, அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். உலகின் முத்து வாணிகத்தில் ஒரு காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த கரை இது. முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம் என்று பெயர். சிலாபத்துறை என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல்லே சற்றுத் திரிந்து நிற்கின்றது. அரிப்பிலே கடல் அரித்துத் தின்றது போக எஞ்சிய சில சுவர்கள் ஒரு மேட்டின் விளிம்பிலே நிற்கின்றன. இலங்கையின் முதற் பிரித்தானியத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் என்பார், சலாபக் காலத்தில் வந்து தங்குவதற்காக 1801 முதல் 1804 வரை கட்டுவித்த மாளிகையின் மிச்சம் அது.

மன்னார்க் கடலின் முத்தைப் பற்றி எழுதியோர் பலர். முத்தை எடுத்து வந்த மனிதனைப் பற்றி எழுதியோர் சிலரே. அச்சிலரும் அவனைப் போகிற போக்கில் ஓரிரு வரிகளிற் குறித்துவிட்டு அப்பாற் சென்றனர். கி. பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமியொருவர் எழுதிய 'எரித்திரேயக் கடற் பெரிப்புளூசு' என்னும் வழிநூல், எதிர்க்கரையிலுள்ள கொற்கையின் முத்துக்குளிப்பைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் செய்தனர் என்று கூறுகின்றது. அவ்வொரு வரி போதும், அத்தொழிலை அக்கால அரசு எவ்வாறு மதித்தது என்பதை உணர்வதற்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதை எழுதிவைத்தார். இம்மந்திரக்காரரைத் தமிழர் 'கடல் கட்டி' என அழைத்தனர். பிரித்தானியர் ஆட்சியிலும் நெடுங்காலம் இவர்களுக்குக் கூலி உண்டு. குளியாளின் அச்சத்தைத் தணிக்க அரசு செய்த செலவு அதுவே.

அவ்வரிசையில் வந்தவரே கப்பித்தான் றொபர்ட் பேர்சிவல். ஆங்கிலேயர் இலங்கையைக் கைப்பற்றிய காலத்தில் இங்குப் பணியாற்றிய படைவீரர் அவர். அவருடைய இலங்கை வரலாற்று நூல் 1803ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. குளியாள் தோணிக்கு மீண்டும் ஏற்றப்படும்போது அவனுடைய வாய், மூக்கு, காது ஆகியவற்றிலிருந்து நீர் வெளிப்படும் என்றும், அடிக்கடி இரத்தமும் வெளிப்படுவதுண்டு என்றும் அவர் எழுதினார். இரத்தம் கக்கியும் அம்மனிதர் மறுபடி நீரில் இறங்கத் தயங்குவதில்லை என்பதையும் வியப்புடன் சேர்த்துக்கொண்டார். அவ்விரத்தம் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்னும் வினாக்களை அவர் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் விடை சொல்லத்தக்க மருத்துவர் அன்று உலகில் எங்குமிலர். விடை கிடைப்பதற்கு 180 ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அதற்குள் சலாபமே மறைந்துவிட்டது.

குளிக்கும் முறையை முதலிற் கூறுதல் வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில், வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்திருக்கும் சில வாரங்களே சலாபக் காலம். நள்ளிரவை ஒட்டிப் பீரங்கி வெடி கேட்டதும் நூற்றுக்கணக்கான தோணிகள் கரைக்காற்றிற் பாய்விரித்துச் செல்லும். விடியும்போது அவை பாரின்மேல் நிற்கும். பார் என்பது கடலடியிலுள்ள கற்பாங்கான மேடு. பெரியபார், மோதரகம் பார், செவல் பார் முதலிய பெயர்களால் அவை வழங்கின. ஆழம் பெரும்பாலும் 5 பாகம் முதல் 10 பாகம் வரையில். ஒரு பாகம் 6 அடியாதலால், 30 அடி முதல் 60 அடி எனக் கொள்ளலாம்.

தோணியிலிருந்து ஒரு கயிற்றிற் கட்டிய கல் தொங்கும். குளியாள் அதன்மேற் கால்வைத்து, மற்றொரு கயிற்றோடு கூடிய வலைக்கூடையைப் பற்றிக்கொண்டு, மூச்சை உள்வாங்கி, மூக்கைக் கையாற் பொத்திக்கொள்வான். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியக் குளியாட்கள் மூக்கிற் கொம்பினாற் செய்த கவ்வியை மாட்டிக்கொள்வர். கீழக்கரை, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழருக்கும் சோனகருக்கும் விரல்களே கவ்வி. கல் அவனைச் சில கணத்தில் அடித்தளத்திற் சேர்க்கும். கையிற்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டுக் கயிற்றை அசைப்பான். மேலேயிருப்பவன் இழுப்பான். சற்று இளைப்பாறியதும் மறுபடியும் கல். ஒரு நாளில் 40, 50 தடவை இவ்வாறு இறங்குவான் என்பது பேர்சிவல் தரும் கணக்கு. நண்பகலில் மற்றொரு வெடி முழங்க, கடற்காற்றில் தோணிகள் கரைக்குத் திரும்பும்.

மூச்சடக்கும் நேரத்தைப் பற்றி மட்டும் பழைய நூல்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு எழுதின. 1797ஆம் ஆண்டில் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவன் முழுதாக 6 நிமிடம் நீருக்குள் இருந்தான் என்று பேர்சிவல் அறுதியிட்டுச் சொல்லுகின்றார். பின்னர் முத்துப்பார்களின் கண்காணிப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கையிற் கடிகாரத்தோடு நின்று பார்த்தவர். அவர் கண்டது ஏறத்தாழ ஒரு நிமிடமே. பரிசு தருவதாகச் சொல்லித் தூண்டியபோதும் அது ஒன்றரை நிமிடத்தைத் தாண்டவில்லை. பேர்சிவலின் 6 நிமிடத்தை ஒரு கதையாகவே கொள்ளலாம். ஆயினும், 50 அடி ஆழத்தில், கடும் உழைப்பினிடையே, நாளொன்றுக்கு 40 தடவை ஒவ்வொரு நிமிடம் மூச்சடக்குதல் கதையன்று. உடலுக்கு அது பெருஞ்சோதனை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நெருக்கடி தோன்றியது. 1891ஆம் ஆண்டுச் சலாபத்துக்குப் பின் பார்களிற் சிப்பி இல்லாது போயிற்று. வருவாய் நின்றதும் அரசு அறிவியலை நாடியது. லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்து, 'லேடி ஹவ்லொக்' என்னும் நீராவிக் கப்பலில் மன்னார் வளைகுடா முழுவதையும் ஆராய்ந்தார். அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இலண்டன் றோயல் சங்கம் அவ்வாராய்ச்சியை 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. சிப்பியின் உறுப்புக்கள், அதன் குடலிலும் ஈரலிலும் வாழும் ஒட்டுண்ணிகள், அதனைத் தின்னும் மீன்கள், அது முட்டையிடும் பருவம் ஆகிய அனைத்தும் அங்கே நுணுக்கமாக ஆராயப்பட்டன. சிப்பியின் நெஞ்சு அவ்வளவு கருத்தைப் பெற்றது. அதனை எடுக்க இறங்கியவனின் நெஞ்சு ஆய்வின் எல்லைக்கு அப்பால் இருந்தது. இதற்காக ஹேர்ட்மனைக் குறைகூறுதல் பொருந்தாது. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி சிப்பியைப் பற்றியது.

சிப்பி திரும்பியது. 1905ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டிக்கு எதிரே நடந்த சலாபம் அதுவரை காணாதது. 300க்கு மேற்பட்ட தோணிகளில் ஏறத்தாழ 5,000 குளியாட்கள் இறங்கி 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். மனிதரில்லாத மணற்காட்டிலே சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. அடுத்த ஆண்டு அப்பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. அவ்வாண்டுச் சலாபத்தில் சிப்பிக் கொட்டகையின் அதிகாரியாக இருந்தவர், பின்னர் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனாட் வூல்ஃப். அங்கே இறந்துபோன ஓர் அராபியக் குளியாளுக்காக அவனுடைய தோழர்கள் துக்கங் கொண்டாடிய காட்சியை அவர் 1961ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிலே எழுதியுள்ளார். கம்பனிக்கு 1907ஆம் ஆண்டுக்குப் பின் சிப்பி கிடைக்கவில்லை. அது கலைந்தது. 1925ஆம் ஆண்டுச் சலாபத்தோடு இலங்கைக் கரையில் அப்பழைய முறை ஓய்ந்தது எனலாம். தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை மீண்டும் சில சலாபங்கள் நடந்து, அவையும் நின்றுபோயின.

இனிப் பேர்சிவல் கண்ட இரத்தத்துக்கு வருவோம். மூக்கிலும் காதிலும் வந்த இரத்தத்தின் காரணம் எளியது. நீரின் அழுத்தம் செவிப்பறையையும் முகவெலும்பின் உட்குழிகளையும் தாக்கும்போது அங்குள்ள மெல்லிய தோல் கிழியும். வாயினின்று வந்த இரத்தமோ சிலபோது சுவாசப்பையிலிருந்து வந்தது. அதன் காரணத்தை அறிவதற்கு, இதயத்துக்கும் சுவாசப்பைக்கும் இடையே ஓடும் இரத்தத்தின் அழுத்தம் யாது என்பதை அறிதல் வேண்டும். மருத்துவர்க்கு நெடுங்காலம் எட்டாதிருந்தது அதுவே.

இதயம் ஓருறுப்பாயினும் அது இரண்டு இறைகருவிகள் ஒட்டிநிற்பது போன்றது. இடப்பாகம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றது. வலப்பாகம் சுவாசப்பைக்கு மட்டும் செலுத்துகின்றது. இரத்தம் இவ்வாறு சுவாசப்பை வழியே சுற்றிவருகின்றதென்று கைரோ நகரில் வாழ்ந்து 1288ஆம் ஆண்டில் மறைந்த இபுனு அன்னபீசு என்னும் அராபிய மருத்துவர் எழுதினார். மார்க்கோ போலோ இக்கடலைக் காண்பதற்குச் சில ஆண்டுகளே முற்பட்டவர் அவர். முழுச் சுற்றோட்டத்தை நிறுவியவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628இல்.

வழியறிந்தது ஒன்று, அழுத்தத்தை அளப்பது வேறொன்று. நம் வைத்தியர் மணிக்கட்டிலே நாடி பார்க்கின்றார். அங்கே துடிப்பது இடப்பாகத்தின் வேலை. ருசிய மருத்துவர் கொரொட்கோவ் கையிற் பட்டி கட்டிக் காதால் ஒலிகேட்டு இரத்த அழுத்தத்தை அளக்கும் முறையை வெளியிட்டது 1905இல், மரிச்சுக்கட்டியின் பெருஞ்சலாபம் நடந்த அதே ஆண்டில். அதுவும் இடப்பாகத்தின் அழுத்தமே. வலப்பாகத்தின் நாடி நெஞ்சுக்கூட்டுக்குள் புதைந்து கிடக்கின்றது. அதனைத் தொட்டுப் பார்ப்பதற்குத் தோலின்மேல் ஓரிடமும் இல்லை. கைப்பட்டியில் 120 காட்டும் ஒருவருக்குச் சுவாசப்பை நாடியிலும் அழுத்தம் சரியாயிருக்கும் என்று எவரும் உறுதி கூறவியலாது. இயல்பில் அங்கே உச்ச அழுத்தம் 20, 25 மில்லிமீற்றர் இரசம் அளவே. அது 60, 80 என உயர்ந்தாலும் கைப்பட்டி காட்டாது. முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். பின்பு கால் வீங்கும். மயக்கம் வரும். இதற்குள் வலதிதயம் வீங்கித் தளர்ந்திருக்கும்.

செருமானிய மருத்துவர் றொம்பேர்க், இறந்தவரின் உடலை அறுத்து, தடித்து இறுகிய சுவாசப்பை நாடிகளைக் கண்டு எழுதியது 1891இல். உயிரோடிருப்பவரிடம் அதனைக் காண வழி பிறந்தது 1929ஆம் ஆண்டில். வேர்ணர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் செருமானிய மருத்துவர், தம் கைநாளத்தைத் திறந்து ஒரு மெல்லிய குழாயைத் தம் இதயம்வரை தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்கதிர் அறைக்கு நடந்துசென்று படம் பிடித்துக்கொண்டார். மேலதிகாரிகள் சினந்தனர். நியூயோர்க்கில் கூர்னானும் றிச்சார்ட்ஸும் 1940களில் அம்முறையைச் செம்மை செய்து சுவாசப்பை நாடியின் அழுத்தத்தை அளந்தனர். மூவருக்கும் 1956ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. குழாய்முறை இன்றும் இறுதித் தீர்ப்புக்குரிய முறை. ஆனால் மூச்சுவாங்கும் ஒவ்வொருவரின் இதயத்துக்குள்ளும் குழாய் செலுத்த முடியுமோ? வெளியிலிருந்தே அறியும் வழியொன்று தேவைப்பட்டது.

அவ்வழி கடலிலிருந்து வந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. ஹேர்ட்மன் காலத்தில் கடலின் ஆழத்தை அளந்தோர் கயிற்றிற் கட்டிய ஈயக்குண்டை இறக்கினர். குண்டின் அடிக்குழியிற் கொழுப்பைப் பூசிவைத்தால் அடித்தளத்து மணலோ சிப்பித்துண்டோ ஒட்டிக்கொண்டு வரும். முதலாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் பெருங்கேடு விளைத்தபோது, பிரெஞ்சு அறிஞர் போல் லாங்கெவன் வேறொரு கயிற்றை விட்டார். அது ஒலிக்கயிறு. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லுக்கு மின்னூட்டினால் அது அதிரும், அதிர்ந்தால் மின் தோன்றும் என்பதைக் கியூரி உடன்பிறந்தார் 1880களின் தொடக்கத்தில் கண்டறிந்திருந்தனர். அப்படிகத்தைக் கொண்டு, மனிதர் காதுக்கு எட்டாத நுண்ணொலியை நீரில் விடுத்து, அது மோதித் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டார் லாங்கெவன். போர் முடிந்ததும் அவ்வெதிரொலி கப்பல்களுக்குக் கடலாழம் காட்டும் கருவியாயிற்று.

அதன்பின் எதிரொலி உலோகத்துக்குள் நுழைந்தது. கப்பற் கட்டுமானத்திலே இரும்புத் தகட்டின் உள்வெடிப்பைக் காண நுண்ணொலிக் கருவியைப் பயன்படுத்தினர். சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்னும் இதய மருத்துவருக்கு ஒரு தொல்லை இருந்தது. இடதிதயத்தின் இருகூர் வால்வு வாதக்காய்ச்சலால் ஒட்டிச் சுருங்கிவிட்ட நோயாளரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புமுன், சுருக்கம் எவ்வளவு என்பதை அறியவேண்டும். அங்கிருந்த இயற்பியலறிஞர் ஹெல்முத் ஹேர்ட்ஸ், அயலிலுள்ள மல்மோ நகரத்துக் கப்பற்றுறையின் கருவியைச் சென்று சோதித்துப் பார்த்தார். பின்பு சீமென்ஸ் நிறுவனத்திடம் அத்தகையதொன்றை இரவல் பெற்றனர். 1953ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆம் நாள், துடிக்கும் இதயத்தின் எதிரொலி முதன்முதற் பதிவு செய்யப்பட்டது.

கடலுக்குரிய கருவி இதயத்துக்கு எப்படிப் பொருந்தியது என ஐயுறுவோர் இருக்கலாம். கடல்நீரில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். மனிதத் தசையிலும் குருதியிலும் அது ஏறத்தாழ 1,540 மீற்றர். உடல் பெரும்பாலும் நீரேயாகும். காற்றும் எலும்பும் இவ்வொலிக்குத் தடை. ஆதலால் காற்று நிறைந்த சுவாசப்பைக்குள் நேரே பார்க்கவியலாது. விலாவெலும்புகளின் இடைவெளியில், சுவாசப்பை மறைக்காத சிறு சந்தில் கருவியை வைத்து, இதயத்தைப் பார்த்து, அதன்வழியே சுவாசப்பை நாடியின் நிலையை உய்த்துணர வேண்டும்.

அந்த உய்த்துணர்வுக்கு மேலும் இருவர் துணை வேண்டியிருந்தது. இருவரும் பழையோர். நெருங்கி வருவதன் அலை செறிந்தும் விலகிச் செல்வதன் அலை நெகிழ்ந்தும் தோன்றும் என்று ஒஸ்திரிய அறிஞர் டொப்ளர் 1842இல் விண்மீன்களை எண்ணிக் கூறினார். ஓடும் பாய்பொருளின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைத் தானியேல் பேர்னூலி 1738இல் எழுதினார். 1970களில் நோர்வே நாட்டில் ஹோலன், லிவ் ஹாட்ல முதலியோர் இவ்விரு விதிகளையும் ஒருங்கே வைத்து, எதிரொலியில் இரத்தத்தின் வேகத்தை அளந்து, சுருங்கிய வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாட்டைக் கணித்தனர். வேகத்தின் வர்க்கத்தை நான்காற் பெருக்கினால் வேறுபாடு கிடைக்கும். கணக்கு இவ்வளவே.

இதனைச் சுவாசப்பை அழுத்தத்துக்குப் பொருத்தியவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டைச் சேர்ந்த யொக், பொப் என்னும் இருவர், 1984இல். வலதிதயத்தில் மேலுள்ள சோணையறைக்கும் கீழுள்ள இதயவறைக்கும் இடையே முக்கூர் வால்வு உள்ளது. நலமுடையோர் பலருக்கும் அவ்வால்வு சிறிது கசியும். இதயவறை சுருங்கும்போது அக்கசிவு பின்னோக்கிப் பீறிடும். பீறிடும் வேகம் செக்கனுக்கு 2.5 மீற்றர் எனில், அதன் வர்க்கம் 6.25, நான்காற் பெருக்க 25. இதயவறை சோணையறையைவிட 25 மில்லிமீற்றர் மிகுதியாக அழுத்துகின்றது என்பது பொருள். வேகம் 4 மீற்றராயின் 64. இத்துடன் சோணையறையின் சிறிய அழுத்தத்தைக் கூட்டினால், சுவாசப்பை நாடியின் உச்ச அழுத்தம் தெரிந்துவிடும். எவரும் பொருட்படுத்தாத ஒரு சிறு கசிவே நெஞ்சுக்குள் ஒரு மானியாயிற்று.

மருத்துவர்கள் இன்று வேகம் 2.8 மீற்றரைக் கடந்தால் ஐயுறுகின்றனர், 3.4 மீற்றரைக் கடந்தால் பெரிதும் ஐயுறுகின்றனர். வேகம் ஒன்றை மட்டும் நம்புவதும் பிழை. கசிவு தெளிவாகத் தெரியாதபோது கணக்குத் தவறும். தெரிந்தபோதும் குழாயளவுக்கும் இதற்கும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு நேரலாம். ஆகவே வலதிதயவறை பெருத்துள்ளதா, இரு அறைகளுக்கும் இடையேயுள்ள சுவர் இடப்பக்கமாக அமுங்கி வட்டமான இடதறையைத் தட்டையாக்குகின்றதா, கீழ்ப்பெருநாளம் புடைத்துள்ளதா என்பவற்றையும் படத்திற் பார்ப்பர். முடிவு குழாயினுடையது. நாடியின் சராசரி அழுத்தம் 20 மில்லிமீற்றருக்கு மேலிருந்தால் அது மிகையழுத்தம் என்பது ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2022இல் வகுத்த வரையறை.

இவ்வளவு அறிவும் சேர்ந்தபின்னரே பேர்சிவலின் வரிக்குப் பொருள் விளங்கலாயிற்று. 1962இல் சோலாண்டர் குழுவினர் அவுஸ்திரேலியாவின் வடமுனையில் முத்துக்குளிப்போரை ஆராய்ந்து, நீருள் மூச்சடக்கியவுடன் அவர்களின் இதயத்துடிப்பு மந்தமாவதையும் கைகால்களுக்குச் செல்லும் குருதி குறைவதையும் கண்டனர். தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1968இல் அமெரிக்கக் கடற்படையின் குளியாள் ஒருவர் ஆழத்திற் சென்றபோது ஏறத்தாழ 1 லீற்றர் இரத்தம் நெஞ்சுக்குள் ஏறியதை அளந்தனர்.

10 பாகம் ஆழத்தில் நீரும் காற்றும் சேர்ந்து, கரையிலுள்ளதைப் போல் ஏறக்குறைய 3 மடங்கு அழுத்தும். 6 லீற்றர்க் காற்றோடு இறங்கியவனின் சுவாசப்பை அங்கே 2 லீற்றரளவுக்கு ஒடுங்கும். நெஞ்செலும்பு அதற்குமேற் குறுகாது. எஞ்சிய இடத்தை நிரப்பக் குருதி உள்ளே இழுக்கப்படும். சுவாசப்பையின் நுண்குழாய்கள் புடைக்கும். அவற்றுக்கும் காற்றறைக்கும் இடையேயுள்ள சுவர் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது. அழுத்தம் எல்லை மீறினால் அச்சுவர் கிழியும் என்பதை அமெரிக்காவின் ஜோன் வெஸ்ட் 1991இல் விலங்குகளில் நிறுவினார். பந்தயக் குதிரைகள் ஓடியபின் இரத்தம் கக்குவதும் இதனாலேயே. அரிப்புக் கடலில் தோணிமேற் சிந்திய இரத்தம் அக்கிழிசலின் அடையாளம் எனக் கொள்வதற்கு இன்று தக்க காரணம் உண்டு. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இத்தாலிய ஆய்வாளர் எதிரொலிக் கருவியையே நீருக்குள் கொண்டுசென்று, 10 மீற்றர் ஆழத்தில் மூச்சடக்கி நிற்போரின் இதயத்தைப் படம் பார்த்தனர். நெஞ்சு நெருக்கப்பட, இடதிதயம் நிரம்பத் தடுமாறுவது அங்கே கண்கூடாயிற்று.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குளியாளிடம் ஏறும் அழுத்தம் கரையேறியதும் தணிவது, நோயன்று. நோயாக நிலைப்பது வேறு காரணங்களால். இளமையில் வாதக்காய்ச்சலுற்று இருகூர் வால்வு சுருங்கியோர், இதயச்சுவரில் துளையோடு பிறந்தோர், நெடுநாட் சுவாசநோயுற்றோர், காலில் உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்து சுவாசப்பை நாடியை அடைத்தோர் ஆகியோர் அதற்கு ஆளாவர். எட்லர் முதன்முதல் எதிரொலி தேடியது அம்முதல் வகையினருக்காகவே. வால்வுச் சுருக்கமுள்ள இளம்பெண்ணொருத்தி தன் நோயறியாமற் கருவுற்று, ஏழாம் எட்டாம் மாதத்தில் மூச்சுத் திணறி வருவது இலங்கையிலும் இந்தியாவிலும் மருத்துவர் நன்கறிந்த ஆபத்து. முற்கூட்டியே பத்து நிமிட எதிரொலிச் சோதனை செய்திருந்தால் அவளுடைய வால்வும், சுவாசப்பை நாடியின் அழுத்தமும், தாங்கும் வலிமையும் தெரிந்திருக்கும்.

மன்னார்க் கரையில் முத்துக்குளிப்பு ஓய்ந்தாலும் குளிப்பு ஓயவில்லை. சங்கையும் கடலட்டையையும் தேடி இறங்குவோர் உள்ளனர். கல்லுக்கும் கயிற்றுக்கும் பதிலாகக் காற்றுக்குடுவை வந்துள்ளது. மூச்சடக்கும் தொல்லை அதனால் நீங்கியது. வேறொரு தொல்லை சேர்ந்தது. அழுத்தத்தில் நெடுநேரம் மூச்சுவிடுவோரின் குருதியில் நைதரசன் கரையும். விரைந்து மேலேறினால் அது சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழியாகும் என்பதைப் போல் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இலேயே விளக்கினார். குமிழிகள் நாளங்களின் வழியே வலதிதயத்துக்கு வந்து, சுவாசப்பையின் நுண்ணாடிகளில் சிக்கி, அங்கே அழுத்தத்தை உயர்த்தும். பெரும்பாலானவை அங்கேயே வடிந்து மூச்சோடு வெளியேறும். மிகையானால் நெஞ்சு நோகும், மூச்சுத் திணறும்.

எதிரொலித் திரையில் அக்குமிழிகள் வலதறைகளில் வெண்பொடி தூவியதுபோல் மின்னிச் சுழல்வதைக் காணலாம். வலப்பக்க அழுத்தம் உயரும்போது இன்னுமோர் ஆபத்து உண்டு. கருவிலிருக்கும் காலத்தில் இரு சோணையறைகளுக்கும் இடையே திறந்திருந்த சிறு வழி, பிறந்தபின் பெரும்பாலோருக்கு முழுதாக மூடிக்கொள்ளும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது ஒட்டாமல் நிற்கும். அவர்களுக்கு அதனாற் குறையேதும் தோன்றாது. ஆனால் வலப்பக்கம் அழுத்தம் மிகுந்தால் அவ்வழி திறந்து, குமிழி இடப்பக்கம் கடந்து மூளைக்கோ முதுகுத்தண்டுக்கோ செல்லக்கூடும். காற்றுநுரை கலந்த சிறிது உப்புநீரைக் கைநாளத்திற் செலுத்தி, அந்நுரை சோணைச்சுவரைக் கடக்கின்றதா எனத் திரையிற் பார்ப்பதே அவ்வழியைக் கண்டறியும் சோதனை.